லால்பாக் போனால் முதலில் பாறைக்குப் போங்கள்

பெங்களூரு போய்வந்தவர்களிடம் லால்பாக் தாவரவியல் தோட்டம் பற்றிக் கேட்டால் கண்ணாடி மாளிகை, மலர்க் கண்காட்சி, இந்த இரண்டைத்தான் பெரும்பாலும் சொல்வார்கள். இரண்டும் நல்லாதான் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஜனவரி 26, ஆகஸ்ட் 15 ஒட்டி நடக்கும் அந்தக் கண்காட்சிக்குப் போனால் பூவைவிட முன்னால் நிற்பவரின் பின்தலையும் அவர் தூக்கிப் பிடித்திருக்கும் செல்போனும்தான் அதிகம் கண்ணில் படும். அதனால் என் பேச்சைக் கேட்டு ஒரு சாதாரண வாரநாள் காலையில், வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள். மெட்ரோவின் பச்சை வழித்தடத்தில் லால்பாக் என்றே ஒரு நிலையம் இருக்கிறது, அங்கே இறங்கினால் நடந்தே போகலாம்.

உள்ளே போனதும் கண்ணாடி மாளிகையைத் தேடாமல் நேராகப் பாறைக்குப் போங்கள். புல்வெளிக்கு நடுவே திடீரென்று எழும்பி நிற்கும் ஒரு வழுக்கையான சாம்பல் நிறக் குன்று அது. பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் அதை மேலே ஏறி செல்ஃபி எடுக்கிற மேடு என்றுதான் நினைக்கிறார்கள். அது நைஸ் (gneiss) என்ற வகைப் பாறை, வயது ஏறக்குறைய 300 கோடி ஆண்டு. டைனோசர் வந்ததே சுமார் 23 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் என்று வைத்துப் பாருங்கள். இந்தப் பாறை உருவான காலத்தில் பூமியில் மரமும் இல்லை, மீனும் இல்லை, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் மட்டும்தான். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இதைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. கிட்டப் போய்ப் பார்த்தால் வெளிர் நிறமும் கருமையும் மாறிமாறிப் பட்டை பட்டையாக ஓடுவது தெரியும். கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் கிடந்து உருமாறிய பாறை என்பதற்கு அதுதான் அடையாளம்.

உச்சியில் சின்னதாக ஒரு கோபுரம் இருக்கும். பெங்களூரின் நான்கு பக்கமும் எழுப்பப்பட்ட, நகரத்தை உருவாக்கிய கெம்பேகவுடாவின் பெயர் தாங்கிய கோபுரங்களில் அது ஒன்று, நகரம் இதைத் தாண்டி வளராது என்று வைத்த எல்லை என்பார்கள். இப்போது அங்கே நின்று எந்தப் பக்கம் திரும்பினாலும் கட்டடம்தான்!

தோட்டத்தை 1760இல் தொடங்கியவர் ஹைதர் அலி. திப்பு சுல்தான் வெளிநாடுகளில் இருந்தெல்லாம் செடி வரவழைத்து அதைப் பெருக்கினார். பிறகு ஆங்கிலேயர் காலத்தில், 1856இல், அரசுத் தாவரவியல் பூங்கா ஆனது, இன்றைக்கு 240 ஏக்கர். கண்ணாடி மாளிகைக்கு 1889இல் அடிக்கல் நாட்டினார்கள், லண்டனின் கிரிஸ்டல் பேலஸைப் பார்த்துச் செய்தது. அந்த லண்டன் மாளிகை 1936இல் எரிந்தே போய்விட்டது, அதைப் பார்த்துச் செய்தது இங்கே கெட்டியாக நிற்கிறது. அப்போது லால்பாக்கின் பொறுப்பில் இருந்த ஜான் கேமரன்தான் சௌசௌவை இங்கே கொண்டுவந்தவர் என்கிறார்கள். நம் வீடுகளில் பெங்களூர் கத்திரிக்காய் என்று கூட்டு வைக்கிறோமே, அதேதான். அவருக்குப் பின் 1908இல் வந்த ஜெர்மானியர் க்ரும்பீகல், ஒரு மரம் பூத்து ஓய்ந்தால் அடுத்தது பூக்கிற மாதிரி நகரத்துத் தெருக்களுக்கு மரம் தேர்ந்தெடுத்தவர் என்று பெயர் வாங்கியவர். அந்தத் தெருக்களில் இன்று மிச்சம் இருக்கும் மரங்களைப் பார்த்தால் கொஞ்சம் வயிறு எரியும், அது வேறு கதை.

மலர்க் கடிகாரம், பொன்சாய் தோட்டம் இதெல்லாம் போகிற வழியில் பார்த்துக்கொண்டால் போதும். ஏரிக்கரைப் பக்கம் இருக்கும் கிழட்டு இலவ மரத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். அதன் வேர்கள் பலகை பலகையாக ஆள் உயரத்துக்கு நிற்கும், இடுக்கில் குழந்தைகள் ஒளிந்து விளையாடலாம். சாய்ந்து விழுந்த மரங்களை வெட்டி விறகாக்காமல் சிற்பமாகச் செதுக்கி ஓர் இடத்தில் வைத்திருக்கிறார்கள். எல்லாம் அழகு என்று சொல்ல மாட்டேன், யோசனை நல்லது. ஏரியில் நீர்க்காகமும் கூழைக்கடாவும் தென்படும்.

நம்மூர்க்காரர்கள் தேடிப் பார்க்க வேண்டிய ஒன்றும் இங்கே உண்டு. விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் இருந்து வந்த கல்மரம் (கல்லாகவே மாறிப்போன மரம்), 2 கோடி ஆண்டுப் பழையது. திருவக்கரைக்கு இதுவரை போகாதவர்கள் அதை பெங்களூரில் பார்ப்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

செருப்பு பிடிமானமாக இருக்கட்டும், தண்ணீர் கையில் இருக்கட்டும். பத்து மணிக்கு மேல் பாறை சுட ஆரம்பித்துவிடும். பசித்தால், 1924இல் தொடங்கிய எம்டிஆர் உணவகம் லால்பாக் சாலையிலேயே இருக்கிறது. ரவா இட்லி சாப்பிடலாம், வாரக் கடைசி என்றால் காத்திருக்கத் தயாராகப் போங்கள்.