பிளாஸ்மா ஆய்வுக்கு உடன்பட்ட 464 பேர்

2021 ஏப்ரலில் இரண்டாம் அலை ஏறிக்கொண்டிருந்தபோது, என் வாட்ஸ்அப் குழுக்களில் ஆக்சிஜனுக்கு அடுத்தபடியாக அதிகம் கேட்கப்பட்டது பிளாஸ்மாதான். கொரோனாவிலிருந்து மீண்டவரின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் அந்த நீர்மத்துக்காக, நோயாளியை வார்டில் விட்டுவிட்டுக் குடும்பத்தார் கொடையாளர்களைத் தேடி அலைந்தார்கள். ஆனால் அதனால் பயன் எதுவும் தென்படவில்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) நடத்திய ஆய்வே முந்தைய ஆண்டு சொல்லிவிட்டிருந்தது.

பிளாசிட் என்ற அந்த ஆய்வு, 2020 ஏப்ரல் 22 முதல் ஜூலை 14 வரை இந்தியாவின் 39 மருத்துவமனைகளில், மிதமான பாதிப்புடன் இருந்த 464 பேரைச் சேர்த்துக்கொண்டது. குலுக்கல் முறையில் 235 பேருக்கு வழக்கமான சிகிச்சையோடு பிளாஸ்மாவும், 229 பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் கிடைத்தன. 28 நாட்களுக்குள் நோய் கடுமையானவர்கள் அல்லது இறந்தவர்கள் முதல் குழுவில் 19 விழுக்காடு, இரண்டாம் குழுவில் 18 விழுக்காடு.

பெருந்தொற்றுக் காலத்தில் இப்படிக் குலுக்கிப் போட்டுச் சிகிச்சை தருவது இரக்கமற்ற செயல் என்று பலர் அப்போது எழுதினார்கள். இந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. பிளாஸ்மா உயிர் காக்கும் என்று தெரிந்திருந்தால் அந்த 229 பேருக்கு அதை மறுத்தது குற்றம்தான். ஆனால் காக்குமா, பயனற்றதா, கெடுதலா என்று எந்த மருத்துவருக்கும் தெரியாதிருந்த நிலையில், யாருக்கும் எதுவும் மறுக்கப்படவில்லை. ஆய்வுக்கு வெளியே, கணக்கில் வராமல், கேட்டவர்க்கெல்லாம் ஏற்றுவதும் ஒரு பரிசோதனையே. அதிலிருந்து எவரும் எதையும் கற்றுக்கொள்ள முடியாது என்பதுதான் வேறுபாடு. பிளாசிட் இன்னும் நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டிருந்த 2020 ஜூலைத் தொடக்கத்தில் டெல்லியில் பிளாஸ்மா வங்கி திறக்கப்பட்டது. அதே மாதம் சென்னையிலும் ஒன்று வந்தது. அரசே வங்கி திறந்த பிறகு, குலுக்கலுக்கு உடன்படுமாறு ஒரு நோயாளியிடம் எந்த முகத்தோடு கேட்பது?

உடன்பாடு பற்றிய கவலை மட்டும் எனக்கு உண்மையாகவே உண்டு. உறவினர் அருகில் இல்லாத தனிமை வார்டில், முழுக் கவச உடையில் முகம் தெரியாமல் நிற்கும் மருத்துவர் நீட்டும் படிவத்தை மூச்சு வாங்கிக்கொண்டே படிக்கும் ஒருவரால், மறுத்தாலும் சிகிச்சை தொடரும் என்பதை எவ்வளவு தூரம் நம்ப முடியும் என்று தெரியவில்லை. கொரோனாவுக்கான மருந்துகளைச் சோதித்த பிரிட்டனின் ரெகவரி ஆய்வு, ஒப்புதல் பெறுவது உள்ளிட்ட நடைமுறைகளைச் சுருக்கியது இதற்கு ஓரளவு விடை. 2020 மார்ச்சில் தொடங்கி ஜூன் நடுப்பகுதிக்குள், டெக்ஸாமெத்தசோன் என்ற மலிவான ஸ்டீராய்டு மருந்து வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைப்பதை அது காட்டியது.

பிளாசிட்டில் ஏற்றிய பிளாஸ்மாவில், கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளின் அளவு முன்கூட்டியே சோதிக்கப்படவில்லை என்ற குறை நியாயமானது. ஆனால் எதிர்ப்பொருள் மிகுந்த பிளாஸ்மாவைக் கொண்டு ரெகவரி 11,000-க்கும் மேற்பட்டோரிடம் சோதித்தபோதும், இரு குழுக்களிலும் இறப்பு 24 விழுக்காடுதான். பயனில்லை என்ற முதற்கட்ட முடிவு 2021 ஜனவரியிலேயே தெரிந்துவிட்டது. இந்தியாவின் சிகிச்சை வழிகாட்டியிலிருந்து பிளாஸ்மா நீக்கப்பட்டதோ 2021 மே 17 அன்று, இரண்டாம் அலையின் பெரும்பகுதி கடந்த பிறகு.

ஆய்வில் சேர்ந்தவர்களுக்கு அதனால் தனிப்பட்ட பலன் உறுதியில்லை; தங்கள் உடலில் கிடைக்கும் விடை அடுத்து வரும் நோயாளிக்கு உதவும் என்பதே அவர்களிடம் சொல்லப்படும் காரணம். அந்த விடையை மாதக்கணக்கில் கிடப்பில் போட்டது, என் பார்வையில், ஒப்புதல் படிவத்தில் நேர்ந்திருக்கக்கூடிய எந்தக் குறையையும்விடப் பெரிய நெறிமீறல். ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுக்கள் காப்பீடு, இழப்பீடு, படிவத்தின் மொழி ஆகியவற்றை வரி வரியாகப் பார்க்கின்றன. முடிவு வந்தால் வழிகாட்டியை யார், எத்தனை வாரத்துக்குள் திருத்துவார்கள் என்பதையும் அனுமதிக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.