கேள்வித்தாளை எடுத்துப் போகாத நாள்

விலங்கியல் படித்து முடித்ததும் சிறுத்தை ஆய்வு ஒன்றில் சேர்ந்தேன். விலங்கு கடந்தால் தானாகவே படம் எடுக்கும் கேமரா ட்ராப்பை எவ்வளவு உயரத்தில் கட்ட வேண்டும், படத்தில் விழுந்த புள்ளிகளை ஒப்பிட்டு எந்தச் சிறுத்தை என்று எப்படிப் பிரித்தறிவது, எல்லாம் நன்றாகத் தெரியும். மனிதர்களிடம் பேசத் தனியாக என்ன படிப்பு வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

40 கேள்விகளோடு வீடு வீடாகப் போனேன். சிறுத்தையால் தொந்தரவு உண்டா என்பது முதல் கேள்வி. எல்லோரும் உண்டு என்றார்கள். எத்தனை ஆடு போனது என்று குறித்துக்கொண்டேன். குழுவில் மானுடவியல் படித்த ஒருவர் இருந்தார், நான் அக்கா என்று கூப்பிடுவேன். மூன்றாம் நாள் என் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "நாளைக்கு இது இல்லாம வா" என்றார்.

மறுநாள் ஆடு பறிகொடுத்த ஓர் அம்மாவின் பட்டிக்கு அருகில் உட்கார்ந்தோம். "நேத்து ராத்திரி எப்படிம்மா போச்சு?" அக்கா கேட்டது அவ்வளவுதான். அந்த அம்மா ஒரு மணி நேரம் பேசினார். விடிய விடியக் காவல் இருப்பது, தூக்கம் கெட்டுப் பகல் வேலைக்குப் போக முடியாதது, துணைக்கு விழித்திருக்கும் மகன் பள்ளிக்கூடத்தில் தூங்கிவிடுவது, இழப்பீட்டு விண்ணப்பத்துக்கு நான்கு முறை அலைந்தது. ஆடு போனதைவிட அந்த அலைச்சல்தான் ஆறவில்லை என்றார். என் 40 கேள்விகளில் இவை எதற்குமே இடமில்லை. சிறுத்தை மீதான வெறுப்பு என்று நான் எழுதி வைத்ததில் பெரும்பங்கு அந்த விண்ணப்பத்தின் மீதான கோபம்.

சமூக அறிவியல் படித்தவர்கள் காட்டுயிர்ப் பாதுகாப்புக்கு வரலாமா என்று இளையவர்கள் கேட்கும்போது எனக்கு அந்தப் பட்டிதான் நினைவுக்கு வரும். கட்டாயம் வாருங்கள். ஆனால், திட்டத்தின் எந்தக் கட்டத்தில் உங்களைச் சேர்க்கிறார்கள் என்று நேர்காணலிலேயே கேட்டுவிடுங்கள். வேலி எங்கே, மேய்ச்சல் எங்கே என்பதெல்லாம் முடிவான பிறகு மக்களிடம் எடுத்துச் சொல்ல ஆள் தேடுவார்கள். அது சமூக அறிவியல் வேலையே அல்ல.

எதையாவது ஒன்றை ஆழமாகக் கற்றுக்கொள்ளுங்கள். பேட்டி எடுப்பது, பொருளாதாரம், சட்டம், உளவியல், ஒவ்வொன்றும் தனித் துறை. எலினோர் ஆஸ்ட்ரோம் அரசியல் அறிவியல் படித்தவர். காடு, மீன்வளம், பாசன நீர் போன்ற பொதுச் சொத்துகளை, பயன்படுத்துபவர்களே விதி வகுத்து நீண்ட காலம் காக்க முடியும் என்று காட்டினார். 2009இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. மரங்களை மட்டும் எண்ணும் ஒருவர் கண்ணில் அந்த விதிகள் படாது. சொசைட்டி ஃபார் கன்சர்வேஷன் பயாலஜி என்ற சர்வதேச அமைப்பு 2003இலேயே சமூக அறிவியலுக்கென ஒரு பணிக்குழுவைத் தொடங்கிவிட்டது. ஆனாலும் இன்றைக்கும் பல இடங்களில் இது ஆறு மாத ஒப்பந்த வேலைதான். ஆறு மாதத்தில் ஊர் நம்மை நம்பத் தொடங்கியிருக்கும், அவ்வளவே.

அப்புறம், ரகசியம். யார் வேட்டைக்குப் போகிறார் என்று ஒருவர் நம்பிச் சொன்னால், அந்தப் பெயர் உங்கள் குறிப்பேட்டில் ஏறவே கூடாது. இதை அக்கா முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுத்தார்.

போன வாரம் ஒரு புதிய ஆய்வுக்கு நிதி கேட்டு எழுதினேன். சமூகவியலாளர் ஒருவருக்கு, முதல் மாதத்திலிருந்து மூன்று வருடச் சம்பளம். கேமராக்களுக்கு முந்தைய வரியில் அதைப் போட்டிருக்கிறேன்.