சித்தப்பாவும் வெடிச்சத்தமும்

2020 ஜனவரியில களியக்காவிளை சோதனைச் சாவடியில சிறப்பு எஸ்.ஐ. ஒருத்தரைச் சுட்டுக் கொன்னாங்கல்லா, அதுக்கப்புறம் அதே ரோட்டுல ராத்திரி டூட்டி பார்த்தவங்க எப்படி உறங்கியிருப்பாங்கன்னு யாராவது கேட்டோமா?

போலீஸ்ல இருந்த எங்க சித்தப்பா, ஒக்கி புயலப்போ கரை ஒதுங்கின உடல்களைத் தூக்கினவரு. கோயில் கொடைக்கு வெடி போட்டா இப்பவும் சோத்துத் தட்டைத் தள்ளிட்டு எழும்பிருவாரு. 'ரெண்டு பெக் போடுடே, சரியாயிரும்'னு கூட்டாளிங்க சொன்னதுதான் அவருக்குக் கெடச்ச வைத்தியம். (நாசமாப் போன வைத்தியம்.)

இப்படிக் கோரமான சம்பவத்தைப் பார்த்து ஒரு மாசம் தாண்டியும் கெட்ட கனவு, திடுக்கிடல், எரிச்சல் விடலைன்னா டாக்டரைப் பார்க்கணும். குணப்படுத்த சிகிச்சை இருக்கு. பெங்களூருல இருக்குற மனநல ஆஸ்பத்திரி நிம்ஹான்ஸோட சேர்ந்து நம்ம மாநிலப் போலீசுக்கு நலத்திட்டமே கொண்டுவந்தாங்க. ஆனா ஸ்டேஷன்ல 'மெண்டல்'னு பேராயிருமேங்குற பயம் இருக்கே! அப்படிப் பயந்தா 14416-க்குப் போன் போடுங்க, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி எண். எந்நேரமும் எடுப்பாங்க, காசு கிடையாது. வீட்டுல உள்ளவங்களும் கூப்பிடலாம்.