அம்மாவுக்காக ஒரு முழங்கால்

அம்மாவின் பொருத்தனை இது. "வெஸ்லி ஐயர் ஜெபம்பண்ணின அறையில ஒரு தடவையாவது முழங்கால் போடணும்." மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் லண்டன் வீட்டு ஜெப அறையைத்தான் சொன்னார்கள். அடுத்த வருஷமே பக்கவாதம் வந்து கட்டிலோடு ஆகிவிட்டார்கள். "நீ போ" என்று அவர்கள் குழறிச் சொன்னது எனக்குப் புரியவே இரண்டு நாளாயிற்று. கர்த்தர் வழி திறந்தார். எப்படித் திறந்தார் என்பது தனிச் சாட்சி, இன்னொரு நாள் சொல்கிறேன்.

லண்டனில் ஓல்டு ஸ்ட்ரீட் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் மழை. தப்பான வாசலில் ஏறி, தப்பான பக்கம் நடந்து, ஷூவெல்லாம் தண்ணீர். வேலைக்கு ஓடுகிற கூட்டத்தில் யாரை நிறுத்தி வழி கேட்பது? ஆண்டவரே, இதற்குத்தானா கூட்டிவந்தீர் என்று முணுமுணுத்தேன். பிறகுதான் நினைப்பு வந்தது. 1785 ஜனவரியில், 81 வயதில், இதே ஊர்த் தெருக்களில் உருகும் பனியில் கணுக்கால் நனைய ஐந்து நாள் நடந்து, ஏழைகளுக்குத் துணி வாங்க 200 பவுண்டு பிச்சை எடுத்தவர் வெஸ்லி. அதோடு உடம்புக்கு முடியாமல் படுத்தும்விட்டார். என் வாய் அடங்கியது.

சிட்டி ரோட்டில் 1778-இல் திறந்த ஆலயம். பின்புறம் அவர் கல்லறை. ரோட்டுக்கு எதிரே பன்ஹில் ஃபீல்ட்ஸ் மயானத்தில் அவர் தாயார் சூசன்னா. மகன் இந்தப் பக்கம், தாய் அந்தப் பக்கம். அங்கேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆலயத்தைப் பற்றி நிறைய எழுதலாம், ஆனால் நான் வந்தது பக்கத்திலிருக்கும் அவர் வீட்டுக்கு.

அவர் 1791 மார்ச் 2-ஆம் தேதி ஜீவன் விட்ட படுக்கையறையை ஒட்டினாற்போல் அந்த ஜெப அறை. அவ்வளவு சின்னது. எனக்கு முன்னால் ஒரு சுற்றுலாக் கூட்டம் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சத்தமாகச் சிரித்துப் பேசி, நகரவே மாட்டேன் என்றது. கோபத்தோடு ஜெபிக்கக்கூடாது என்று சுவரைப் பார்த்து நின்றேன். ஒருவழியாகப் போனார்கள்.

என் முட்டிக்குத் தரையில் மடங்குவதே கஷ்டம். மடங்கினேன். வருஷத்துக்கொரு முறை, நம்மைக் கடவுளுக்குப் புதிதாக ஒப்புக்கொடுக்கும் உடன்படிக்கை ஆராதனையில் சொல்வோமே, அந்த ஜெபத்தை அம்மாவுக்காகச் சொல்லத் தொடங்கினேன். நான் இனி என்னுடையவள் அல்ல, உம்முடையவள். உமக்காக என்னை வேலையில் வையும், அல்லது உமக்காக ஒதுக்கி வையும்...

அதற்குமேல் வரவில்லை. இத்தனை வருஷம் அந்த வரியை மனப்பாடமாகத் தாண்டிப் போயிருக்கிறேன். முப்பது வருஷம் வாராவாரம் வீடுவீடாகப் போய், படுத்தவர்களைப் பார்த்து, பள்ளிக் கட்டணத்துக்குக் கை நீட்டியவர்களுக்கு முந்தானை முடிச்சை அவிழ்த்த அம்மாவை, இப்போது கட்டிலில் ஒதுக்கி வைத்திருக்கிறாரே! ஒதுக்கி வைத்ததும் உமக்காகத்தானா என்று கேட்டு அழுதேன். பதில் சத்தமெல்லாம் கேட்கவில்லை. ஆனால் மனம் இறங்கி அமர்ந்தது. ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்தபோது இன்னொன்றும் தோன்றியது. 1742-இல் பிரிஸ்டல் ஊரில் ஜெபக்கூடக் கட்டடக் கடன் அடைக்க ஆளுக்கு வாரம் ஒரு பென்னி வசூலிக்கத்தானே வெஸ்லியின் சங்கத் தலைவர்கள் வீடுவீடாகப் போனார்கள்? போன இடத்தில் யார் எப்படி இருக்கிறார்கள் என்று தெரியவந்தது. சிறு குழுவாகக் கூடி ஒருவரையொருவர் விசாரிக்கும் வகுப்புக் கூட்டம் பிறந்தது அப்படித்தான். 1746-இல் ஏழைகளுக்கு இலவச மருந்து, சிறு கடன் எல்லாம் தொடங்கினார்கள். நம் சபையில் சேவைக்கென்று கமிட்டி போட்டு, பேனர் அடித்து, போட்டோ எடுத்து முடிப்பதற்குள் ஆறு மாதம் ஓடிவிடுகிறது. அம்மா கமிட்டி போட்டதில்லை. கதவைத் தட்டினார்கள், அவ்வளவுதான்.

வீடியோ காலில் கூப்பிட்டேன். "முழங்கால் போட்டாச்சும்மா." கண்ணை மூடித் திறந்தார்கள். அறை எப்படி இருந்தது என்று கேட்பார்கள் என நினைத்தேன். வாய் கோணிக்கொண்டு மெல்ல வந்த கேள்வி வேறு: "திங்கக்கிழமை... அந்த வீட்டுக்கு... யாரு போனா?"

யாரும் போகவில்லை. ஊர் திரும்பியதும் நான்தான் போக வேண்டும்.