மாஸ்டர் போட்ட ஊமைப் படம்

எங்கள் காலத்துப் பள்ளிக்கூடப் பொடியளைக் கேட்டால் பிக் மாட்ச் கிரிக்கெட் கதைதான் முதலில் வரும். எனக்கு நினைவில் நிற்பது, விஞ்ஞான மாஸ்டர் மண்டபச் சுவரில் வெள்ளை வேட்டி கட்டிப் போட்டுக் காட்டிய படங்கள். அதிலும் அமெரிக்க நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டனின் ‘ஒன் வீக்’.

1920இல் வந்த இரண்டு ரீல் ஊமைப் படம். புதிதாகக் கல்யாணம் கட்டிய சோடிக்குப் பெட்டி பெட்டியாக ஒரு வீடு பரிசாக வருகிறது, இலக்கம் பார்த்துப் பொருத்த வேண்டியதுதான். பெண் கிடைக்காத கோபத்தில் ஒருத்தன் இலக்கங்களை மாற்றிவிட, வீடு கோணல் மாணலாக எழும்புகிறது. இடையில் வரும் ஆங்கில எழுத்துகளை மாஸ்டர் உரத்த குரலில் தமிழில் சொல்லுவார். குளிக்கிற பெண்ணின் சவர்க்காரம் கீழே விழ, அவள் எட்டி எடுக்கும்போது ஒரு கை வந்து கமராவை மூடும். அந்த இடத்தில் மண்டபமே கூரை பறக்கக் கத்தியது!

புயலில் வீடு பம்பரமாய்ச் சுற்றி, விருந்தாளிகளை ஒவ்வொருவராக வெளியே வீச, மாப்பிள்ளையாக வரும் கீட்டன் வாசலைப் பிடிக்கப் பாய்ந்து பாய்ந்து விழுவார், முகத்தில் ஒரு சிரிப்பும் இராது. அவர் சிரிக்காததால்தான் நாங்கள் அப்படிச் சிரித்தோம் என்று இன்றும் நம்புகிறேன். படம் முடிந்ததும் மாஸ்டர் விளக்கைப் போட்டு, சுழலும் மேடை ஒன்றில் உண்மையான வீட்டைக் கட்டித்தான் சுற்றினார்கள் என்று கரும்பலகையில் படம் கீறிக் காட்டினார். சுழற்சி வேகம் கூடினால் ஓரத்தில் நிற்பவன் ஏன் தூக்கி எறியப்படுகிறான் என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது, பாடப்புத்தகத்தில் அல்ல.

கடைசிக் காட்சி சொல்லவே வேண்டும். வீடு தண்டவாளத்தில் மாட்டிக்கொள்ள, ரயில் வருகிறது, இருவரும் கண்ணைப் பொத்துகிறார்கள், அது பக்கத்துத் தண்டவாளத்தால் போய்விடுகிறது. அப்பாடா என்று மூச்சு விட்ட கையோடு எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு ரயில் வந்து வீட்டை நொறுக்கிவிடும்! அதுவும் பொம்மை வீடு இல்லை, உண்மையாகவே மோதவிட்டு எடுத்தது. கீட்டன் ‘விற்பனைக்கு’ என்று ஒரு பலகையை நட்டு, பொருத்தும் குறிப்பையும் அதோடு வைத்துவிட்டு மனைவியின் கையைப் பிடித்து நடந்துவிடுவார்.

சரி, இதை ஏன் எங்கள் பழைய மாணவர் மலரில் எழுதுகிறேன் என்றால், அமெரிக்காவில் இந்தப் படத்துக்கு இப்போது பதிப்புரிமை இல்லை, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. தமிழ் சரியாக வராத எங்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எங்களோடு ஒரே இடத்தில் சிரிக்கக்கூடிய படம். வருகிற ஒன்றுகூடலில் சாப்பாட்டுக்கு முன் போடுவோமா? திரையும் புரொஜெக்டரும் நான் கொண்டு வருகிறேன்.