படுக்கையில் இருப்பவருக்குச் சிறுநீர் கசியும்போது

பக்கவாதத்திற்குப் பிறகு படுக்கையிலேயே இருக்கும் அப்பாவைக் காட்பாடியில் எங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறோம். டயப்பர் நிறைவதற்கு முன்பே பக்கவாட்டில் கசிந்தால், பெரும்பாலும் அளவு பொருந்தவில்லை, அல்லது தொடையோரத்துச் சுருக்கப்பட்டை உள்ளே மடங்கியிருக்கிறது. பெரிய அளவு அதிகம் உறிஞ்சும் என்று நம்பி வாங்குவோர் உண்டு. இடுப்பை அளந்து, உறையில் அச்சிட்டிருக்கும் அளவோடு ஒப்பிட்டு வாங்குவதே சரி. ஆண்களுக்கு உறுப்பைக் கீழ்நோக்கி வைத்துக் கட்டாவிட்டால், எவ்வளவு விலையுயர்ந்த டயப்பரும் வயிற்றுப் பக்கமாகக் கசியும். கூச்சத்தால் இதை யாரும் சொல்லித் தருவதில்லை.

ரப்பர் ஷீட்டின் மேல் பழைய பருத்திப் புடவையை மடித்து இடுப்புக்குக் குறுக்கே விரித்தால், நனைந்ததும் அதை மட்டும் உருவிக்கொள்ளலாம். ரப்பர் நேராகத் தோலில் படக் கூடாது. வேலூர் வெயிலில் வியர்வையே தோலை ஊறவைத்துவிடும். 2 மணி நேரத்திற்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கும்போதே ஈரத்தையும் பார்த்துவிடுகிறோம். கழுவிய இடத்தைத் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, துத்தநாக ஆக்சைடு களிம்பை மெல்லியதாகத் தடவுகிறோம். பவுடர் ஈரத்தில் கட்டிதட்டி உறுத்துவதால் அதை விட்டுவிட்டோம்.

ஈரத்துக்கு அஞ்சித் தண்ணீரைக் குறைப்பதுதான், என் பார்வையில், வீடுகளில் நடக்கும் பெருந்தவறு. சிறுநீர் அடர்ந்து சிறுநீர்ப்பையை உறுத்தும், மலச்சிக்கலும் சேர்ந்து கசிவு கூடும். காய்ச்சலோ, கலங்கிய சிறுநீரோ, திடீர்க் குழப்பப் பேச்சோ இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். 2021இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிற்கே வந்து நோய்த்தணிப்புச் சிகிச்சை (வலியையும் அவதியையும் குறைக்கும் பராமரிப்பு) தருவதும் அடங்கும் என்பதால், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவைக்கலாம்.