நாங்கள் கட்டவிருக்கும் டியர்டிராப் வண்டியும் அதன் 650 கிலோ கணக்கும்

குடும்பத்தோடு வெளியில் தங்கி வருவதற்கு ஒரு டியர்டிராப் வண்டியை, அதாவது காரின் பின்னால் இழுத்துச் செல்லும் கண்ணீர்த்துளி வடிவச் சிறு படுக்கை ட்ரெய்லரை, நாங்களே கட்டுவது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. ஆயத்த கேரவன் வாங்கும் எண்ணம் எனக்கு ஒருபோதும் இருந்ததில்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், நாங்கள் இருக்கும் சாட்ஸ்வர்த் பக்கத்து வீடுகளை அறிந்தவர்களுக்கு அதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை: செங்குத்தாக இறங்கும் குறுகிய வாசலில், இருக்கிற காரைத் திருப்பி நிறுத்துவதே ஒரு வேலை. டியர்டிராப் என்றால் இரண்டு பேர் சேர்ந்து கையாலேயே தள்ளிக்கொண்டு போய்ச் சுவரோரம் நிறுத்திவிடலாம்.

இந்த வடிவம் 1930-களில் அமெரிக்காவில் பரவியது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், போருக்காகத் தயாரித்து மிஞ்சிய அலுமினியத் தகடு மலிவாகக் கிடைத்ததால், பலர் தங்கள் வீட்டுக் கொட்டகையிலேயே இதைச் செய்யத் தொடங்கினார்கள். முன்புறம் உருண்டு பின்புறம் சரிந்து இறங்கும் சிறு பெட்டி. உள்ளே படுக்கை மட்டும். பின்மூடியைத் தூக்கினால் அடுப்படி. எழுந்து நிற்க இடமில்லை, கழிப்பறை இல்லை. எங்கள் மாகாணத்து வனப்பூங்காக்களின் முகாம் திடல்களில் பொதுக் குளியலறைகள் இருப்பதால், அது எங்களுக்குக் குறையாகத் தோன்றவில்லை.

கட்டுவதைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் மரத்திலிருந்து தொடங்குகிறார்கள். நான் எடையிலிருந்து தொடங்கினேன். இந்த நாட்டில் சட்டமே நம்மை அங்கிருந்துதான் தொடங்க வைக்கிறது. சாதாரண கார் ஓட்டும் ‘பி’ வகை உரிமம் வைத்திருப்பவர், சுமையோடு சேர்த்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 750 கிலோவைத் தாண்டாத ட்ரெய்லரை மட்டுமே இழுக்கலாம். அதற்கு மேல் போனால் ‘இபி’ உரிமம் எடுக்க வேண்டும். அதோடு முடியவில்லை. 750 கிலோவுக்குள் இருந்தாலும், ட்ரெய்லரின் மொத்த எடை, இழுக்கும் காரின் வெற்று எடையில் பாதியைத் தாண்டினால், நிற்கும்போது பிடித்துவைக்கும் பிரேக்கோடு, ஓடும்போது பிடிக்கும் பிரேக்கும் பொருத்தியாக வேண்டும். முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் உரிம வட்டில் எங்கள் காரின் வெற்று எடை 1,340 கிலோ என்று இருக்கிறது. பாதி 670. ஆகவே, கட்டி முடித்து, நீரும் அரிசியும் போர்வையும் ஏற்றிய நிலையில் 650 கிலோவைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்துக்கொண்டேன்.

இந்த வரம்புக்குள் இருந்தால் ஓடும்போது பிடிக்கும் பிரேக் சட்டப்படி கட்டாயமில்லை. ஆனாலும் நான் அதைப் பொருத்தத்தான் போகிறேன். டிராக்கன்ஸ்பர்க் மலையிலிருந்து என்3 சாலையில் வீடு திரும்பும்போது, ஹில்டனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு இறங்கும் டவுன் ஹில் சரிவில், முன்னும் பின்னும் கன்டெய்னர் லாரிகள் வர, பின்னால் அரை டன்னுக்கு மேல் காரைத் தள்ளிக்கொண்டு வருவதை ஒருமுறை கற்பனை செய்துபார்த்தால் போதும். காரை மெதுவாக்கும்போது ட்ரெய்லர் முன்னோக்கி நெருக்கும் விசையாலேயே இயங்கும் எளிய பிரேக் அது. தனி மின்சாரமோ மின்கம்பியோ வேண்டியதில்லை.

சட்டகத்தைப் பொறுத்தவரை என் மைத்துனருக்கும் எனக்கும் ஒரு வழக்கு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் வெல்டர், புதிதாகத் தாமே பற்றவைத்துத் தருவதாகச் சொல்கிறார். அவர் கை வேலையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் புதிதாகச் செய்த ட்ரெய்லரைப் பதிவு செய்வதற்குக் கட்டுபவர் என்ற பதிவு, அடையாள எண், காவல்துறைச் சான்று, எடைமேடைச் சான்று, சாலையில் ஓடத் தகுதியானது என்ற ரோட்வர்த்தி சான்று என்று ஒன்றன்பின் ஒன்றாக வரிசை நீள்கிறது. ஏற்கெனவே பதிவும் உரிமமும் உள்ள பழைய ட்ரெய்லர் ஒன்றை வாங்கி, மேல்பெட்டியைக் கழற்றிவிட்டு, அந்தச் சட்டகத்தின்மேல் கட்டினால், எடையையும் விவரத்தையும் மாற்றிப் பதிவதும் மறுபரிசோதனையும் மட்டுமே மிஞ்சும். பற்றவைக்கும் வேலை அப்போதும் அவருக்கு நிறையவே இருக்கும்: சட்டகத்தை நீட்ட வேண்டும், சக்கர அச்சை இடம் மாற்ற வேண்டும்.

அந்த அச்சு எங்கே உட்கார வேண்டும் என்பதுதான் முழு வேலையிலும் மிக நுணுக்கமான கேள்வி. மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது, அதாவது எங்கள் வண்டியில் ஏறத்தாழ 65 கிலோ, காரின் கொக்கியின்மேல் அழுந்த வேண்டும். அது குறைந்தால் வேகத்தில் ட்ரெய்லர் வாலாட்டத் தொடங்கும். மிகவும் கூடினால் காரின் பின்புறம் தாழ்ந்து, முன்சக்கரங்கள் பிடிப்பை இழக்கும். டியர்டிராப்பின் அடுப்படி முழுவதும் அச்சுக்குப் பின்னால் இருப்பதால் சிக்கல் இங்கே இரட்டிப்பாகிறது. ஓர் உதாரணம் சொல்கிறேன். கொக்கிக்கும் அச்சுக்கும் இடையே 2.6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 40 லிட்டர் தண்ணீர்த் தொட்டியை அடுப்படியின் கீழே, அச்சுக்கு 0.9 மீட்டர் பின்னால் வைத்தால், கொக்கியின் சுமையில் கிட்டத்தட்ட 14 கிலோ குறைந்துவிடும். அதே தொட்டியை அச்சுக்கு அரை மீட்டர் முன்னால், படுக்கைக்கு அடியில் வைத்தால், 8 கிலோ கூடும். ஒரே தொட்டி, இருபத்திரண்டு கிலோ வித்தியாசம். ஆகவே தொட்டி முன்னால்தான். பின்னாலுள்ள குழாய்க்குச் சிறு பம்ப் ஒன்று போதும். அச்சை, பெட்டியின் முன் விளிம்பிலிருந்து அதன் நீளத்தில் ஏறத்தாழ அறுபது விழுக்காட்டில் முதலில் இறுக்கிவைத்து, எல்லாவற்றையும் ஏற்றி, கொக்கியைக் குளியலறை எடைப்பொறியின்மேல் இறக்கிப் பார்த்த பிறகே நிரந்தரமாகப் பற்றவைக்கச் சொல்லப்போகிறேன்.

மரத்துக்கு வருவோம். இங்கே கடைகளில் கிடைக்கும் 2,440-க்கு 1,220 மில்லிமீட்டர் பைன் பிளைவுட் தகடு, 18 மில்லிமீட்டர் தடிமனில் ஏறத்தாழ 30 கிலோ இருக்கும். பக்கச் சுவர்களை அந்தத் தகட்டிலேயே வெட்டி நிறுத்துவது சுலபமான வழி. நான் எடுத்திருப்பது சற்று மெனக்கெடும் வழி: பைன் சட்டங்களின் இடையே 25 மில்லிமீட்டர் ஐசோபோர்டு நுரைத்தகட்டைப் பதித்து, இருபுறமும் 4 மில்லிமீட்டர் பிளைவுட்டை ஒட்டுவது. இரண்டு சுவர்களிலும் சேர்த்துப் பதினைந்து கிலோ அளவில் மிச்சமாகும் என்று கணக்கு சொல்கிறது. எடையைவிட முக்கியமான லாபம் வேறு: ஜூன், ஜூலை மாதங்களில் டிராக்கன்ஸ்பர்க் அடிவாரத்தில் விடியற்காலையில் புல்மேல் உறைபனி படியும். நுரை இல்லாத ஒற்றைச் சுவரில் மூச்சின் ஈரம் நீர்த்துளிகளாகத் திரண்டு மெத்தையில் வழியும். கூரையில் மின்விசிறியோடு கூடிய காற்றுத்துளை ஒன்றை அதே காரணத்துக்காகக் கணக்கில் சேர்த்திருக்கிறேன். அதை விட்டுவிட்டு வேறு எதில் சிக்கனம் பிடித்தாலும் பிடிக்கலாம்.

கூரைக்கு ஒரு மில்லிமீட்டர் அலுமினியம். சுமார் 16 கிலோ. கடற்காற்று வீசும் டர்பனில் இதற்கு ஒரு எச்சரிக்கை தேவை: துருப்பிடிக்காத எஃகுத் திருகும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருந்தால், திருகு நன்றாக இருக்க, அதைச் சுற்றியுள்ள அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். ஒவ்வொரு திருகின் கீழும் பாலியூரித்தேன் பசை வைத்து, இரண்டையும் பிரித்துவிடுவதுதான் வழி.

யார் எங்கே படுப்பது என்ற கேள்வி வந்தபோது வீட்டில் கொஞ்சம் சத்தம் எழுந்தது. டியர்டிராப் அடிப்படையில் இருவருக்கானது, நாங்கள் நால்வர். கால்மாட்டில் குறுக்காக ஒரு சிறு பலகைக் கட்டில் போடுவது சிலர் கையாளும் வழி, ஆனால் அந்த இடத்தைத்தான் பின்னாலுள்ள அடுப்படியின் அலமாரிகள் எடுத்துக்கொள்கின்றன. இரண்டில் ஒன்றைக் கைவிட வேண்டும். பக்கவாட்டில் கூடாரம் கட்டிப் பிள்ளைகளை அதில் படுக்க வைக்கலாம் என்றேன். எங்கள் மாகாணத்துச் செயின்ட் லூசியா ஊரில் இரவில் நீர்யானைகள் ஊருக்குள்ளேயே மேய வருகின்றன என்பதை என் மனைவி நினைவூட்டினாள். பிள்ளைகள் துணிக்கு அந்தப்பக்கம், தான் சுவருக்கு இந்தப்பக்கம் என்ற ஏற்பாட்டுக்குச் சம்மதிக்க மாட்டாள் என்று அவள் முகமே சொன்னது. இறுதியில், பெட்டியின் அகலத்தை 1.2 மீட்டரிலிருந்து 1.5 ஆகக் கூட்டி, அவளும் இரண்டு பிள்ளைகளும் உள்ளே, நான் கூடாரத்தில் என்று முடிவானது. அகலம் கூடியதால் தரைக்கு ஒரே தகடு போதாமல் ஒட்டுப்போட வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் வளர்ந்தபின் இடங்களை மாற்றிக்கொள்ளலாம்.

அடுப்படியில்தான் அமெரிக்க வரைபடங்கள் எங்களுக்கு உதவவில்லை. அவை ஒரு காப்பிக் கெட்டிலும் ஒரு வாணலியும் போதும் என்று நினைப்பவர்களுக்காக வரையப்பட்டவை. எங்கள் வீட்டில் வெளியே போவதென்றால் பிரியாணிக் குண்டான் வரும், குக்கரும் வரும். குக்கர் ஆடம்பரம் இல்லை. ராயல் நேட்டல் பூங்காவின் மஹாய் திடல் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் 95 பாகையிலேயே கொதித்துவிடுகிறது, திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகவே வேகாது என்று சொல்லுமளவுக்கு இழுக்கும். தூக்கிய மூடியின் கீழே குண்டானை வைத்துத் தாளித்தால், மூடியின் உட்புறம் எண்ணெயும் புகையும் ஏறி முதல் பயணத்திலேயே கறுத்துவிடும். ஆகவே அடுப்பு, தண்டவாளத்தில் இழுத்தால் மூடியின் நிழலைத் தாண்டி வெளியே வந்து நிற்கும்படி அமையும். எரிவாயு உருளை உள்ளே வராது. கொக்கிக்குப் பின்னுள்ள திறந்த பெட்டியில் நிற்கும். அந்த வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தங்கும் என்பதால் பெட்டியின் அடியில் துளைகள் இருக்கும்.

இழுப்பறைகள் இரண்டு தனித்தனித் தொகுதிகளாக இருக்கும். புரட்டாசியில் விரதம் கடைப்பிடிக்கும் வீட்டில், பிராய், அதாவது தணலில் இறைச்சி சுடும் கம்பி வலையும் சாம்பார்ச் சட்டியும் ஒரே அறையில் கிடப்பதை என் மாமியார் ஏற்கமாட்டார். அவருக்கு இந்தத் திட்டமே ஒரு புதிர்தான். 1953-ஆம் ஆண்டின் தனி வசதிகள் சட்டம் 1990-இல் நீக்கப்படும்வரை, கடற்கரையும் பூங்காவும் தோல்நிறம் பார்த்துப் பிரிக்கப்பட்டிருந்த நாட்டில் அவருடைய இளமைக்காலம் கழிந்தது. நல்ல வீடு இருக்கும்போது காசு கொடுத்து வெளியே படுப்பானேன் என்று கேட்கிறார். ஆனால் இழுப்பறைகளின் அளவைச் சொன்னவரும் அவரேதான். பூட்டு விஷயமும் உண்டு. திடல்களில் குரங்குகள் சாதாரணக் கொக்கியை எளிதாகத் திறந்துவிடும். அழுத்தித் திருகும் பூட்டுதான் போட வேண்டும்.

மின்சாரத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. லோட் ஷெடிங் என்ற மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி வீட்டில் சும்மா இருக்கிறது. ஈயப் பேட்டரியின் எடையில் பாதிதான். நாற்பது லிட்டர் குளிர்பெட்டியை வெயில் இல்லாமலும் இரண்டு நாள் தாங்கும்.

இப்போதைய கூட்டலில், சட்டகமும் அச்சும் சக்கரங்களும் பிரேக்கும் 220 கிலோ, பெட்டி 150, உள்ளே பொருத்துபவையும் ஏற்றுபவையும் மீதி என்று 630-இல் வந்து நிற்கிறது. மிச்சமிருக்கும் இருபது கிலோவுக்கு வீட்டில் ஏற்கெனவே போட்டி: சின்னவன் தன் சைக்கிளைக் கேட்கிறான், மைத்துனர் மீன்பிடி சாமான்களைக் கேட்கிறார், பசையும் வண்ணமும் கேட்காமலே எடுத்துக்கொள்ளும் என்பது என் கணிப்பு. டர்பன் பக்கத்துப் பைன்டவுனில் ஒரு பழைய ட்ரெய்லர் விலைக்கு வந்திருக்கிறது. அதன் பதிவுத் தாளில் உள்ள எண்ணும் சட்டகத்தில் பொறித்த எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் முன்பணம் கொடுப்பேன். அதுவரை ஒரு தகடு பிளைவுட்கூட வாங்கப்போவதில்லை.